எப்பாப்பிரோதீத்து என்ன பிரசங்கித்தான்? மிஷனரி குழுவுக்கு ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் அன்பான போதகர் ஐயாவுக்கும், மிஷனரி குழுவின் சகோதர சகோதரிகளுக்கும், ஸ்தோத்திரம்.

அடுத்த ஊழியப் பயணத்துக்கான பெயர்ப்பட்டியலை ஆலய வாசலில் பார்த்தேன். 'செய்தி', 'பாடல்', 'சிறுவர் ஊழியம்', 'புகைப்படம்' என்று நான்கு பத்திகள். 'செய்தி'யின் கீழே முதல் பெயராக என் பெயரை யாரோ ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆறு பயணங்களில் அந்த இடத்தில் நானே எழுதியதுதான். யாரையும் குறை சொல்ல முடியாது. இந்த ஏழாவது தடவை எழுதுவதற்கு முன் சில காரியங்களைச் சொல்ல வேண்டும். குழுக்கூட்டத்தில் எழுப்பினால் ஜெபித்துவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விடுவோம் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் சபையார் அனைவரும் வாசிக்கும்படி எழுதுகிறேன். இதில் குற்றம் சுமத்தப்படுகிற முதல் ஆள் நான்தான்.

நாம் மாதக் காணிக்கையால் தாங்குகிற மிஷனரி அண்ணன் விடுமுறைக்கு வந்திருந்தபோது அவரை ரயில் ஏற்றிவிடப் போயிருந்தேன். ரயில் மூன்று மணி நேரம் தாமதம். அந்த மூன்று மணி நேரம் வாய்க்காமல் போயிருந்தால் இந்த மடல் இல்லை. பேச்சோடு பேச்சாக, கடைசிப் பயணத்தில் நம்முடைய கூட்டங்களில் கிறிஸ்துவை ஏற்றுக்கொள்கிறோம் என்று கையை உயர்த்தியவர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன். திரும்பி வந்து பயண விவரம் சொல்லும் அறிக்கை ஞாயிறில் அந்த எண்ணிக்கையை நான்தான் வாசித்தேன், சபை கைதட்டியது. அண்ணன் கொஞ்சம் தயங்கினார். பிறகு சொன்னார்: "தம்பி, அவங்க போன வருஷம் வந்த குழுவுக்கும் கை தூக்கினவங்கதான். அதுக்கு முந்தின வருஷமும் தூக்கினாங்க. தூரத்திலிருந்து வந்தவங்களை வெறுங்கையா அனுப்பக் கூடாதுங்கிற மரியாதை அது."

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு தூக்கம் வரவில்லை. நாம் அறுவடை என்று எண்ணியது அவர்களுடைய விருந்தோம்பல்.

ஏன் இதை முன்பே எங்களிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. மாதந்தோறும் தாங்குதல் அனுப்புகிற சபை, "நாங்கள் இருபத்திரண்டு பேர் வருகிறோம், உங்களுக்கு வசதிப்படுமா?" என்று கேட்டால் எந்த மிஷனரி "வேண்டாம்" என்பார்? நாம் கேட்பது கேள்வி மாதிரி இருக்கும். அவர் காதில் அது தேதி அறிவிப்பு. (பெயரும் இடமும் சொல்லாமல் இதை எழுத அவரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். "எழுதுங்க, ஆனா என் மனைவி சொன்னதையும் எழுதுங்க" என்றார். எழுதுகிறேன்.)

அக்கா சொன்னது இது. நாம் அங்கே இருந்த ஒன்பது நாளில் நடத்திய ஒரு கூட்டத்திலும் அவர் உட்காரவில்லை. மூன்று வேளையும் இருபத்திரண்டு பேருக்குச் சமையல், தண்ணீர், படுக்கை. வாரந்தோறும் பெண்களோடு அவர் நடத்தி வந்த சிறிய ஜெபக்கூட்டம் அந்த ஒன்பது நாளும் நின்றது. நாம் போனபின் அவர்களில் இரண்டு பேரைத் திரும்பக் கூட்டிவரச் சில மாதங்கள் ஆயினவாம். கடைசி இரவில் நாம் அவருக்குப் பொன்னாடை போர்த்தி, "மார்த்தாளைப் போல உபசரித்தீர்கள்" என்று பேசினோம். பேசியதும் நான்தான். மார்த்தாள் பணிவிடையில் தவிக்க, மரியாள் இயேசுவின் பாதத்தில் உட்கார்ந்து கேட்டாள் என்று அவர்கள் வீட்டில் அன்று நடந்ததை ஒழுங்காக வாசித்திருந்தால் அந்த ஒப்புமையைத் தொட்டிருக்க மாட்டேன். எழுந்து போய் அவரோடு பாத்திரம் துலக்கியிருப்பேன்.

தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது பவுல், உங்களில் ஒருவருக்கும் பாரமாயிராதபடிக்கு இரவும் பகலும் வேலைசெய்து பிரசங்கித்தோம் என்கிறார். கொரிந்துவில் ஆக்கில்லா பிரிஸ்கில்லாளோடு கூடாரம் செய்தார். ஒன்றரை வருஷம் அந்த ஊரில் இருந்தார். எபேசுவில் மூன்று வருஷம். நாமோ ஒன்பது நாளில் ஆறு ஊர். எழுபது பேரை அனுப்பும்போது இயேசு, வீட்டுக்கு வீடு போகாதிருங்கள் என்றார். ஒரே வீட்டில் இருந்து, வைக்கிறதைப் புசித்து, அந்த வீட்டாரோடு வாழ்ந்து பார்க்கச் சொன்னார் என்றுதான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன். நம் பயண அட்டவணையில் ஒரு வீட்டுக்கு ஒதுக்கிய நேரம் பன்னிரண்டு நிமிடம். போட்டவன் நான்.

குறுகிய காலம் என்பதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. பிலிப்பு எத்தியோப்பிய மந்திரியோடு இருந்தது ஒரு ரதப் பயணத் தூரம். வேதத்திலேயே மிகச் சிறிய ஊழியப் பயணம் அதுவாகத்தான் இருக்கும். ஆனால் கவனியுங்கள், அவர் முதலில் கேட்டது ஒரு கேள்வி. அந்த மனுஷன் வாசித்துக்கொண்டிருந்ததிலிருந்தே தொடங்கினார். அவன் ஏறி உட்காரும்படி அழைத்தபிறகுதான் ரதத்தில் ஏறினார். நம் காலத்திலும் உதாரணம் உண்டு. 1957 கோடையில் ஜார்ஜ் வெர்வர் என்ற கல்லூரி மாணவர் இரண்டு நண்பர்களோடு மெக்ஸிகோவுக்குப் போன பயணத்திலிருந்துதான் ஆபரேஷன் மொபிலைசேஷன் என்ற உலகளாவிய மிஷனரி இயக்கம் பிறந்தது. மூன்று வாலிபர்களின் கோடை விடுமுறை அது! ஆகவே 'இந்தப் பயணத்தில்தான் வாலிபர்கள் மாறுகிறார்கள்' என்று குழுவில் ஒருவர் எப்போதும் சொல்வதை நான் மறுக்கவில்லை. என்னுடைய அர்ப்பணிப்பும் அப்படியொரு பயணத்தில் நடந்ததுதான். ஆனாலும் ஒரு சங்கடம் இருக்கிறது. நம் பிள்ளைகள் மாறுவதற்காக இன்னொருவர் வீட்டையும் ஊரையும் பயிற்சிக்கூடமாக எடுத்துக்கொள்கிறோம் என்றால், அதை அவர்களிடம் அப்படியே சொல்லிக் கேட்க வேண்டும். 'உங்களுக்கு ஊழியம் செய்ய வருகிறோம்' என்று சொல்லிக்கொண்டு போகக் கூடாது.

எண்ணிக்கையைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. ஆங்கில மிஷனரி வில்லியம் கேரி வங்காளத்துக்கு வந்தது 1793 நவம்பரில். அங்கே அவர் ஊழியத்தின் முதல் கனியான கிருஷ்ண பால் ஞானஸ்நானம் பெற்றது 1800 டிசம்பர் 28. அந்த ஏழு ஆண்டுகளுக்கு அவரிடம் நாம் கேட்கிற மாதிரி 'எத்தனை பேர்?' என்று அறிக்கை கேட்டிருந்தால் என்ன எழுதியிருப்பார்? நம் குழு ஒன்பதாம் நாளே எண்ணோடு திரும்பிவிடுகிறது.

இப்போது எப்பாப்பிரோதீத்துவுக்கு வருகிறேன். பிலிப்பி சபை பவுலிடம் அனுப்பிய மனுஷன். குறுகிய கால ஊழியர் என்று வேதத்தில் யாரையாவது சுட்டிக்காட்டச் சொன்னால் நான் இவரைத்தான் காட்டுவேன். ஏன் இவரைப் பற்றி நம் பயண ஆயத்தக் கூட்டங்களில் ஒரு தடவைகூடப் பேசவில்லை என்பது எனக்கு ஆச்சரியம். கட்டுண்டிருந்த பவுலுக்குச் சபையின் காணிக்கையைச் சுமந்து போனார். கூட இருந்து அவர் குறைச்சலில் உதவினார். போன இடத்தில் வியாதிப்பட்டார், மரணத்துக்குச் சமீபமாகிவிட்டார். செய்தி ஊருக்குத் தெரிந்துவிட்டதே என்று அவருக்கு வியாகுலம்! நம்மில் யாருக்காவது பயணத்தில் காய்ச்சல் வந்தால் ஜெபக் குறிப்பு அரைமணி நேரத்தில் சபை முழுவதும் பரவிவிடும். இந்த மனுஷனோ, வீட்டார் கவலைப்படுவார்களே என்று கலங்குகிறார். பிழைத்துத் திரும்பும்போது, பவுல் அவர் கையில் பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தைக் கொடுத்து அனுப்பினார் என்று பலர் கருதுகிறார்கள்.

அவர் பிரசங்கித்ததாக ஒரு வரி இல்லை. எத்தனை பேரைச் சந்தித்தார் என்று இல்லை. பவுல் அவருக்குக் கொடுக்கிற பட்டங்கள் மட்டும் இருக்கின்றன: சகோதரன், உடன்வேலையாள், உடன்சேவகன். இப்படிப்பட்டவர்களைக் கனமாய் எண்ணுங்கள் என்று சபைக்கு ஒரு கட்டளையும் இருக்கிறது. அறிக்கையை எழுதினவர் போனவர் அல்ல என்பதையும் பாருங்கள். உதவி பெற்றவர் எழுதினார். இது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது.

1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் நம் நாட்டு ஊழியர் வே. ச. அசரியா பேசியது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அனுப்புகிறவர்கள் நிறைந்திருந்த அரங்கத்தில், பெற்றுக்கொள்கிற திருச்சபையிலிருந்து வந்த முப்பத்தைந்து வயதுக்காரர் எழுந்து பேசினார். தரித்திரருக்கு உங்கள் ஆஸ்திகளைக் கொடுத்தீர்கள், சரீரத்தையும் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், எங்களுக்கு அன்பும் வேண்டும், நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். அவர் முன் உட்கார்ந்திருந்த பலர் ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் இருந்தவர்கள். அவர்களிடமே அந்தக் கேள்வி என்றால், ஒன்பது நாள்காரர்களாகிய நம்மிடம்?

நண்பர் என்றதும் ஒரு காரியம் என்னைக் குத்துகிறது. நம் ஆலயத்திலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு வயதான அம்மா இருக்கிறார். இடுப்பெலும்பு முறிந்த பிறகு ஆராதனைக்கு வர முடியவில்லை. எந்தத் தெரு, எந்த வீடு என்று மூப்பர்களுக்குத் தெரியும். நாம் புறப்படும்போது இருபத்திரண்டு பேரின் பெயரையும் யாரிடமோ கேட்டு எழுதி வாங்கி, ஒவ்வொரு நாளும் பெயர் சொல்லி ஜெபித்திருக்கிறார். திரும்பி வந்தபின் புகைப்படங்களைக் காட்டலாம் என்று போனேன். அவர் வீட்டுக்கு நான் போனது அதுவே முதல் தடவை. பதினொரு வருஷமாக ஒரே சபை. படங்களைப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஒன்றில் நிறுத்தினார். மேடையில் நான் பேசுகிறேன், பக்கத்தில் என் பேச்சை அவர்கள் மொழியில் பெயர்த்துச் சொல்லும் வாலிபன். "இந்தத் தம்பி பேர் என்ன? இவனுக்கும் ஜெபிக்கணும்ல" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. ஒன்பது நாள் தோளோடு தோள் நின்ற ஆள். 'பிரதர்' என்றே கூப்பிட்டிருக்கிறேன். நான் ஒரு வாக்கியம் சொன்னால் அவன் சில சமயம் நான்கு வாக்கியம் சொல்வான். மொழியின் வளம் என்று நினைத்துக்கொண்டேன். என் பிரசங்கம் அங்கே புரியாது என்று தெரிந்து அவனே நல்லதாக ஒன்றைப் பிரசங்கித்துக்கொண்டிருந்தான் என்பதையும் அந்த ரயில் நிலையத்தில்தான் அறிந்தேன். கர்த்தர் அவனை ஆசீர்வதிப்பாராக. என்னைவிட அவன் பிரசங்கம்தான் தேறியிருக்கும்.

அந்த அம்மா வீட்டுக்கு இப்போது வாரம் ஒரு நாள் போகிறேன். அங்கே எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை, கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்து ஒரு சங்கீதம் வாசிப்பது. சில நாள் அவருக்கு வாசிப்பு வேண்டாம், பக்கத்து வீட்டு விவகாரம் பேசுவார். கேட்டுக்கொண்டிருப்பேன். முதல் மாதம் என் நாக்கு துறுதுறுத்தது, ஏதாவது ஒரு 'வார்த்தை' சொல்லிவிட்டு எழும்ப வேண்டும் என்று. இப்போது குறைந்திருக்கிறது. ஊழியப் பயணத்துக்கு ஆயத்தம் என்றால் பாட்டுப் பயிற்சியும் நாடக ஒத்திகையும் மட்டும்தானா? போகிற ஒவ்வொருவரும் அதற்கு முந்தின மூன்று மாதம், படுக்கையில் இருக்கிற ஒரு விசுவாசியின் வீட்டுக்கு வாராவாரம் போகட்டும். முகம் சுளிக்காமல் கேட்கவும், வேலை இல்லாதபோது சும்மா இருக்கவும் அங்கே கற்றுக்கொள்ளாதவனுக்கு நெடுந்தூரம் போய் அது திடீரென்று வந்துவிடாது.

உங்களிடம் கேட்பவை இவைதான். பட்டியலை வாசலிலிருந்து எடுத்துவிட்டு, முதலில் அண்ணனுக்கும் அக்காவுக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள்: என்ன தேவை, எந்த மாதம், எத்தனை பேர் என்று அவர்களே சொல்லட்டும். 'இந்த வருஷம் ஒருவரும் வேண்டாம்' என்பதும் நல்ல பதில்தான், அதனால் தாங்குதல் ஒரு பைசாவும் குறையாது என்று அதே கடிதத்தில் மூப்பர்கள் கையெழுத்துப் போட்டுச் சொல்லுங்கள். அந்த வரி இல்லாவிட்டால் கடிதத்தால் பயனில்லை. இருபத்திரண்டு பேர் வேண்டாம், நான்கு பேர் போதும் என்று நினைக்கிறேன். அதே நான்கு பேர் அதே இடத்துக்கு அடுத்த வருஷமும் போகட்டும், பெயர்களாவது தெரிந்திருக்கும். போகிறவர்கள் அந்த மொழியில் பத்து வாக்கியமாவது கற்றுக்கொள்ளட்டும். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடிக்கு வந்தபோது சிறுபிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகினாராம். நமக்குக் கைபேசியில் பாடமே இருக்கிறது, வெட்கம் ஒன்றுதான் தடை.

புகைப்படப் பத்தியை நீக்கிவிடலாம். நம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளைப் பெற்றோரைக் கேட்காமல் யாராவது படம் பிடித்துத் தன் ஊரில் திரையில் காட்டினால் நாம் சும்மா இருப்போமா? சில இடங்களில் அந்தப் படமே பிள்ளைகளின் குடும்பத்துக்கு ஆபத்தாக முடியும். அறிக்கை ஞாயிறில் நாம் பேச வேண்டாம். அவர்கள் எழுதி அனுப்புவதை, நம்மைப் பற்றிய குறையோடு சேர்த்து, போதகர் ஐயா வாசிக்கட்டும்.

மொழிபெயர்த்த அந்தத் தம்பியின் பெயரை அண்ணனிடம் கேட்டு வாங்கி, அந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். தலையணைக்கு அடியில் இருக்கிற தாளில் இருபத்து மூன்றாவதாக எழுதி வைத்திருக்கிறார்.

என் பெயரைப் பட்டியலிலிருந்து மொத்தமாக அடித்துவிட வேண்டாம். அக்காவுக்கு ஆள் தேவைப்பட்டால் நான் வருகிறேன். 'சமையலறை உதவி' என்று அதில் பத்தி இல்லை. ஐந்தாவதாக ஒன்று போட்டு, அதன் கீழே எழுதிக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் குழுவில் ஒருவன்