காலண்டர் வசனத்துக்கு ரெண்டு வசனம் முன்னால்

தாராவி, மும்பை

அன்புள்ள மகனுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் சுகம். மழை பிடித்துக்கொண்டது, சயான் பக்கம் வழக்கம்போலத் தண்ணீர்.

போனில் நீ சொன்னதற்கு அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. பேச ஆரம்பித்தால் ரெண்டு பேருக்கும் குரல் ஏறிவிடும். "கோயிலுக்குப் போறேன், பைபிள் வாசிக்கிறேன், சந்தோஷம் மட்டும் வரலம்மா. கீழ்ப்படி கீழ்ப்படின்னா எங்க மேனேஜர் சொல்ற மாதிரிதான் இருக்கு" என்றாய்.

யோவான் 15-ஐ எடு. என் கற்பனைகளை, அதாவது கட்டளைகளை, கைக்கொண்டால் என் அன்பில் நிலைத்திருப்பீர்கள் என்கிறார் இயேசு. அடுத்த வசனத்திலேயே, "உங்கள் சந்தோஷம் நிறைவாயிருக்கும்படிக்கும்" இதைச் சொன்னேன் என்கிறார். எந்த ராத்திரி சொன்னார்? அவரைக் காட்டிக்கொடுக்க யூதாஸ் எழுந்து வெளியே போயாயிற்று, விடிந்தால் சிலுவை. அந்த நேரத்தில் ஒருவர் பேசுகிற சந்தோஷம், போனஸ் வந்தால் நாம் படுகிற சந்தோஷமாக இருக்க முடியாது. நாலு வசனம் தள்ளி, இனி உங்களை ஊழியக்காரர் என்று சொல்லமாட்டேன், சிநேகிதர் என்றேன் என்கிறார். உன் மேனேஜர் சொல்வாரா?

பெரியப்பா நம் வீட்டில் தங்கியது உனக்கு நினைவிருக்கும், நீ அப்போது பத்தாவது. நம் சொந்த ஊர் நாசரேத் வீட்டில் அப்பாவின் பங்கைத் தன் பேருக்கு எழுதிக்கொண்டவர், தொண்டையில் புற்றுநோய் என்றதும் பரேல் டாடா ஆஸ்பத்திரிக்கு வந்தார். நாட்டின் நாலு மூலையிலிருந்தும் வருகிற நோயாளிகள் அங்கே நடைபாதையில் படுத்துக்கிடப்பதை நீயும் பார்த்திருக்கிறாய். 'இவரும் அங்கேயே கிடக்கட்டும்' என்று நாக்கு நுனி வரை வந்தது. "உன் சத்துரு பசியாயிருந்தால், அவனுக்குப் போஜனங்கொடு" என்று ரோமர் 12-ல் இருக்கிறதே, என்ன செய்ய? ஒற்றை அறையில் அவருக்குக் கட்டில், எங்களுக்குத் தரை, உனக்குப் பரண்.

அன்போடு செய்தேன் என்று நினைத்துவிடாதே. பல்லைக் கடித்துக்கொண்டுதான் செய்தேன். கரண்ட் வைத்த பிறகு, அதுதான் கதிர்வீச்சு சிகிச்சை, அவருக்கு எச்சில்கூட இறங்காது. சாதத்தைக் குழைய வேகவைத்து, மிக்ஸியில் அடித்து, வடிகட்டி, ஆறவைத்து ஸ்பூனில் கொடுப்பேன். உப்பு துளி கூடினாலும் புண் எரிந்து கண்ணில் தண்ணீர் வந்துவிடும். விடியற்காலையில் முழங்கால் போட்டு, "ஆண்டவரே, இவர்மேல் எனக்கு அன்பு இல்லை, இன்றைக்குக் கஞ்சி கொடுக்க மட்டும் பெலன் தாரும்" என்று கேட்பேன். பக்தி என்று எனக்கு அப்போது இருந்ததே அவ்வளவுதான். ஒருநாள் வடிகட்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது அப்பா, "என்ன, பாட்டெல்லாம் பலமா இருக்கு?" என்றார். நான் கீர்த்தனை பாடிக்கொண்டிருந்தது எனக்கே தெரியாது. அந்தச் சந்தோஷம் எப்போது உள்ளே வந்தது என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. நான் அதைத் தேடவே இல்லை.

பெரியப்பா மன்னிப்புக் கேட்கவில்லை. வீட்டுப் பங்கும் வரவில்லை. ஊருக்குப் போன கொஞ்ச நாளில் இறந்துபோனார். கோயிலில் சாட்சி சொல்ல எழுந்து நிற்கிறவர்களாக இருந்தால், பங்கு இரட்டிப்பாகத் திரும்பி வந்தது என்று முடித்திருப்பார்கள்! எனக்கு அப்படி ஒன்றும் வரவில்லை. அவர் பேரைக் கேட்டாலே நெஞ்சில் ஏறும் எரிச்சல் மட்டும் போய்விட்டது, இத்தனை வருஷத்தில் அது திரும்பி வரவே இல்லை.

நம் வீட்டுக் காலண்டரில், "கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்", பிலிப்பியர் 4:4. பவுல் காவலில் இருந்து எழுதியது என்று எத்தனையோ பிரசங்கத்தில் கேட்டிருப்பாய். அதற்கு ரெண்டு வசனம் முன்னால் இருப்பதை யாரும் காலண்டரில் போடுவதில்லை. எயோதியாள், சிந்திகேயாள் என்று ரெண்டு பெண்கள். சுவிசேஷத்துக்காகப் பவுலோடு பாடுபட்டவர்கள், ஆனால் ஒருவருக்கொருவர் ஒத்துப்போகவில்லை. ஏகசிந்தையாயிருங்கள் என்று அவர்களைப் பேர் சொல்லிக் கேட்டுக்கொண்ட பிறகுதான் சந்தோஷமாயிருங்கள் என்கிறார்.

உனக்கு அப்படி ஒத்துப்போகாதது யாரோடு என்று எனக்குத் தெரியும். அக்கா கல்யாணத்தில் அத்தான் நாலு பேர் முன்னால் உன்னைப் பேசினது தப்பு, அதை நானே சொல்கிறேன். ஆனால் அவர்கள் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்குக்கூட நீ ஒரு வார்த்தை அனுப்பவில்லை. டொரன்டோவில் எத்தனை ஆராதனைக்குப் போனாலும் இது உள்ளே கிடந்து உறுத்தும்.

சனிக்கிழமை அவருக்குப் போன் போடு. பழையதை எடுக்காதே, பிள்ளை எப்படி இருக்கான் என்று கேள், போதும். அவர் வெடுக்கென்று பேசினாலும் பேசுவார், வைத்துவிடாதே. நம்பர் மாறிவிட்டது, புதியதை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். மத்தியானம் தூங்குவார், நம் ஊர் நேரம் ஆறு மணிக்கு மேல் கூப்பிடு.

அன்புடன்,
அம்மா