பழங்குடிக் கலைஞர்களை வாசலிலேயே நிறுத்தாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆகஸ்ட் 9 உலகப் பழங்குடியினர் நாள் வருகிறது. நீலகிரியின் கூடலூர், பந்தலூர் வட்டாரத்தில் விழா நடத்தப்போகும் துறைகளும் கட்சிகளும் தொண்டு நிறுவனங்களும் இப்போதே கவனிக்க வேண்டிய சில விஷயங்கள் உண்டு.

மே மாத வாசனைத் திரவியக் கண்காட்சியோ தேர்தல் பிரசாரக் கூட்டமோ, எதுவானாலும் பணியர், குறும்பர் பழங்குடிக் கலைக் குழுக்களுக்கு ஒதுக்கப்படும் இடம் பெரும்பாலும் நுழைவாயில்தான். பத்து மணிக்கு வரவேண்டிய விருந்தினர் பன்னிரண்டுக்கு மேல் வருகிறார். அதுவரை குழு நின்றே கிடக்கிறது. கார் கதவு திறந்ததும் இரண்டு நிமிடம் துடி என்னும் தோல் கருவி முழங்கும். பேச்சு ஆரம்பித்தவுடன் சத்தம் கூடாது என்று ஓரங்கட்டிவிடுவார்கள். இதற்குக் கலை நிகழ்ச்சி என்று அழைப்பிதழில் பெயர் போடுவது நியாயமில்லை.

முதலில் மழை. ஆகஸ்ட் தென்மேற்குப் பருவமழைக் காலம். தேவாலா பக்கம் நாள் கணக்கில் விடாமல் கொட்டும். ஈரக் காற்றில் கருவியின் தோல் தொய்ந்துவிடும். இடை சிறுத்த துடியில் வாரை இறுக்கிக் கொஞ்சம் சமாளிக்கலாம். கோத்தர் பழங்குடியினரின் தபட்டை போன்ற ஒருமுகப் பறையைத் தணலில் காய்ச்சி இறுக்காமல் முடியாது. மண்டபத்தில் நெருப்பு கூடாது என்று தடுத்துவிட்டு, ‘சத்தமே வரலையே’ என்று மைக்கைத் தோல்மேல் வைத்து அழுத்துகிறார்கள். அப்போது ஸ்பீக்கரில் கிளம்புவது வெறும் இரைச்சல். மண்டபத்துக்கு வெளியே தகரக் கூரை போட்டு ஒரு இரும்புச் சட்டியில் கரித்தணல் வைத்தால் போதும். காய்ச்சிய தோல் மறுபடி தொய்ந்துவிடும் என்பதால் முறை வருவதற்குச் சற்று முன்புதான் காய்ச்ச வேண்டும். ஆகவே நிகழ்ச்சி நேரத்தை ஒரு மணி நேரம் தள்ளிவைத்தால் செய்த வேலை முழுக்க வீண். குழலுக்கும் துடிக்கும் ஒரே மைக் வேண்டாம். இரண்டு ஸ்டாண்டு மைக், கருவியிலிருந்து நாலைந்து அடி தள்ளி இருக்கட்டும்.

அடுத்தது இடம். பணியர் வட்டமாகச் சுற்றி ஆடும் வட்டக்களிக்கு முன்பக்கம், பின்பக்கம் என்று கிடையாது. பதினைந்து பேர், ஆளுக்கு இரண்டரை அடி என்றால் சுற்றளவு ஏறக்குறைய 37 அடி, குறுக்கே 12 அடி. உள்ளும் புறமும் அடி வைக்கவும், நடுவில் துடிக்காரர்கள் நிற்கவும் 20 அடியாவது வேண்டும். நாற்காலி, மைக் மேசை, பூச்சாடி எல்லாம் போக மேடையில் அவ்வளவு எங்கே இருக்கிறது? வட்டத்தை ஒடித்து வரிசையாக நிற்கச் சொல்கிறார்கள். வரிசையில் நின்றால் ஆட்டம் குலைந்துவிடுகிறது. மேடைக்குக் கீழே தரையைக் கொடுங்கள், பார்ப்பவர்கள் சுற்றி நிற்கட்டும். ஐப்பசி 10 அன்று கூடலூர் அருகே புத்தூர்வயலில் பூ புத்தரி என்னும் அறுவடை விழாவுக்குக் கதிர் அறுக்கும்போது போய்ப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். அங்கே மேடையும் இல்லை, ஒலிபெருக்கியும் தேவைப்படுவதில்லை.

‘ஏதாவது ஒரு பாட்டு வாசிங்க’ என்று கேட்பதும் சரியில்லை. கோத்தர் இசையில் தெய்வத்துக்கு உரியவை, சாவுக்கு உரியவை, ஆட்டத்துக்கு உரியவை எனத் தனித்தனியாக உண்டு. பொது விழாவில் ஆட்ட இசையை மட்டும் கேட்கலாம். பணியரிடம் நாற்று நடவுக்கான கம்பளப் பாட்டும் உண்டு. எதை வாசிக்கப்போகிறார்கள் என்று குழுத் தலைவரிடம் ஒரு வாரம் முன்பே கேட்டு, சமூகத்தின் பெயர், கருவியின் பெயர், பாட்டுக்கான வேளை மூன்றையும் அறிவிப்பாளரிடம் எழுதிக் கொடுங்கள். ‘அடுத்து பழங்குடியினர் நடனம்’ என்ற ஒரே வரி முள்ளுக்குறும்பருக்கும் பெட்டக்குறும்பருக்கும் காட்டுநாயக்கருக்கும் எப்படிப் பொருந்தும்?

தமிழ்நாடு, கேரள எல்லைப் பிரச்சினை ஒன்றும் இருக்கிறது. இந்தப் பக்கத்து எருமாடு, அய்யன்கொல்லி, சேரம்பாடிக்கும் கேரளத்தின் வயநாட்டுக்கும் பெண் கொடுத்து எடுக்கும் உறவு உண்டு. எல்லையிலுள்ள சோலாடி சோதனைச்சாவடிக்கு இரண்டு பக்கமும் ஒரே பணியர்தான். ஆனால் தமிழ்நாட்டில் அவர்கள் மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் ஆறில் ஒன்று, கேரளத்தில் அந்தப் பட்டியலில் இல்லை. ஆதார் முகவரி அந்தப் பக்கம் என்பதற்காகக் குழல்காரர் ஒருவரை ஒதுக்கினால் குழுவே நின்றுபோகும். நல வாரிய அட்டைக்கும் உதவித்தொகைக்கும் முகவரி பார்க்கட்டும். ஒரு நாள் நிகழ்ச்சிக்கு அது எதற்கு?

சம்பளம் ஒருங்கிணைப்பாளர் கையில் மொத்தமாகப் போகாமல், பெயர்ப் பட்டியலின்படி ஒவ்வொருவர் வங்கிக் கணக்கிலும் சேர வேண்டும். தோட்டக் கூலியை விட்டுவிட்டு வருகிறார்கள் என்பதால் ஒத்திகை நாளுக்கும் கூலி கணக்கிடுங்கள். மாலை நிகழ்ச்சி என்றால் திரும்பிப் போக ஜீப் அவசியம். இருட்டிய பிறகு யானை நடமாடும் பாதையில் பெண்களையும் பிள்ளைகளையும் நடக்கவிடக் கூடாது. டீசல் செலவை அழைப்பு அனுப்பும்போதே பட்ஜெட்டில் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
பந்தலூர், நீலகிரி மாவட்டம்.