படிப்பகத்துக்கு இன்னும் ரூ.1,75,000 வேண்டும்: ஊராருக்கு ஒரு வேண்டுகோள்

ஜலகண்டேசுவரர் அருளால் எல்லோரும் நலமாக இருக்க வேண்டுகிறோம். நேராக விஷயத்துக்கு வருகிறோம். நம் ஊர் நடுநிலைப் பள்ளியில் 6, 7, 8-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்காகக் கட்டும் படிப்பகத்துக்குச் சுவர் எழும்பிவிட்டது, கூரை இல்லை. ஜூனில் பள்ளி திறப்பதற்குள் ஷீட் போட்டாக வேண்டும். பட்டறைக்காரர் முன்பணம் கேட்கிறார்.

இந்தப் பள்ளிக்குக் கொடுப்பது நம் ஊருக்குப் புதிதல்ல. வட ஆற்காடு மாவட்டம் ஒன்றாக இருந்த நாளில், காமராசர் ஆட்சியில், 1958-ல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர் ஊராகப் பரவியபோது, நம் பெரியவர்களும் பெஞ்சு, கரும்பலகை, மணி என்று தலையில் சுமந்து வந்து கொடுத்தார்கள். மதிய உணவுக்கு வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து வைத்தார்கள். அவர்களில் பலர் கைநாட்டு. அந்த மணிதான் இன்றும் அடிக்கிறது.

படிப்பகம் என்றதும் டியூஷன் என்று நினைத்துவிட வேண்டாம். கேள்வியைப் பிள்ளைகளே எடுப்பார்கள், புத்தகத்தில் தேடுவார்கள், பெரியவர்களிடம் கேட்பார்கள், கண்டதை எழுதி வைத்துச் சின்ன வகுப்புக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். ஆசிரியர் பக்கத்தில் இருந்து வழிகாட்டுவார், அவ்வளவுதான். இப்போதே வராண்டாவில் இது நடக்கிறது. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற நம்ம இலவம்பாடி முள்ளுக் கத்திரியை நாற்று விட்டு, "42 விதை போட்டோம், 7-ஆம் நாள் 31 முளைத்தது, மீதி ஏன் முளைக்கவில்லை?" என்று ஏழாம் வகுப்பு நோட்டில் எழுதியிருக்கிறார்கள். புத்தகம் கொடுத்து வாங்கும் பொறுப்பும் அவர்களுடையதே. கிழிந்த பக்கத்தை ஒட்டி, ஒட்டியவர் பெயரையும் தேதியையும் குறித்து வைக்கிறார்கள். குடிநீர்த் தொட்டியடியில் தேங்கும் தண்ணீரைத் தோட்டத்துக்குத் திருப்பி விட்டதும் இவர்கள்தான். பதினோரு, பன்னிரண்டு வயதில் இது பழகினால்தான் ஒன்பதாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போகும்போது யார் கையையும் எதிர்பார்க்காமல் படிப்பார்கள். ஆனால் மழை வந்தால் வராண்டாவில் சாரல், புத்தகமெல்லாம் மூட்டை கட்டி உள்ளே போகிறது.

செலவு: கூரை, இரும்புச் சட்டம் ரூ.1,90,000. தரை, மின்வேலை ரூ.95,000. அலமாரி, மேசை ரூ.80,000. புத்தகங்கள் ரூ.60,000. தோட்ட வேலி, குழாய் ரூ.35,000. மொத்தம் ரூ.4,60,000. வந்தது ரூ.2,85,000.

வந்த பணம் சும்மா வரவில்லை. ராணுவத்தில் இருக்கும் நம் பிள்ளைகள் எல்லையிலிருந்து அனுப்பினார்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்குப் போகும் பெண்கள் சம்பள நாளில் ஆளுக்கு நூறு, இருநூறு என்று சேர்த்துத் தந்தார்கள். மகளிர் குழு அக்காக்கள் ஒரு லோடு செங்கல் வாங்கிக் கொடுத்தார்கள். நூறு நாள் வேலைக்குப் போகும் ஒரு பாட்டி முந்தானை முடிச்சை அவிழ்த்து ஐம்பது ரூபாய் வைத்தார். எல்லோரையும் கையெடுத்துக் கும்பிடுகிறோம்.

இன்னும் கொடுக்காதவர்களிடம் உரிமையோடு ஒன்று கேட்கிறோம். திருவிழா வாணவேடிக்கைக்கு ஒரே ராத்திரியில் பணம் சேர்கிறது. அம்மனுக்குச் செய்வது நம் கடமை, அதில் குறை சொல்லவில்லை. ஆனால் இதே பள்ளியில் படித்துவிட்டு பெங்களூரு, சென்னை என்று நல்ல வேலையில் இருப்பவர்கள், "அப்புறம் பார்க்கலாம்" என்றே எத்தனை மாதம் சொல்வீர்கள்? அந்த மணியடித்துத்தானே நீங்களும் வகுப்புக்குப் போனீர்கள்?

பணமாகத்தான் தர வேண்டும் என்றில்லை. சிமென்ட், மின்விசிறி, கொத்தனார் வேலை ஒரு நாள், எதுவும் சரி. மே 20-க்குள் வந்தால் பட்டறையில் ஆர்டர் கொடுத்துவிடலாம். வங்கிக் கணக்கு எண் பள்ளி அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. ரொக்கமாகத் தருபவர்கள் ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வரவு செலவு கிராம சபையில் படிக்கப்படும்.

இப்படிக்கு,
படிப்பகக் கட்டுமானக் குழு, அணைக்கட்டு வட்டம், வேலூர் மாவட்டம்