ஜூராவில் பணத்தைவிடக் கடிகாரம் முக்கியம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் சுற்றுலா இணைப்பிதழில் வந்த பிரான்சு ஒயின் பகுதிகள் பற்றிய கட்டுரை, போர்தோவின் பெரிய மாளிகைகளோடு நின்றுவிட்டது. பிரான்சின் ஒயின் ஊர்களில் பெரும்பாலானவை சின்னக் கிராமங்கள். அங்கே போகிறவர் கையில் எவ்வளவு பணம் இருந்தாலும், எந்தக் கிழமை, எத்தனை மணி என்று பார்க்காமல் போனால் பட்டினி கிடக்க நேரும். கிழக்கே சுவிஸ் எல்லைப் பக்கமாக இருக்கும் ஜூராவை எடுத்துக்கொண்டு இதை விளக்குகிறேன். வாசகர்கள் பலருக்குப் பயன்படும் என்பதால் பிரசுரிக்க வேண்டுகிறேன்.

ஜூராவின் திராட்சைத் தோட்டங்கள் வடக்கே சலான்-லே-பான் பக்கத்திலிருந்து தெற்கே சாந்தமூர் வரை சுமார் 80 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மெல்லிய பட்டையாக ஓடுகின்றன. தங்குவதற்கு ஆர்புவாதான் வசதி. டோல் வரை அதிவேக ரயிலில் வந்து, அங்கிருந்து வட்டார ரயிலில் மூஷார் வழியாக ஆர்புவாவுக்கு வரலாம். ரயில் நிலையம் ஊருக்குச் சற்று வெளியே இருக்கிறது. பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்க வேண்டும். வட்டார ரயில்கள் நாளுக்குச் சிலதான், ஞாயிற்றுக்கிழமை இன்னும் குறைவு. ஷாத்தோ-ஷலோன், போம்-லே-மெஸ்யூ போன்ற அழகான ஊர்களுக்கு ரயிலே கிடையாது.

சாப்பாட்டைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. மதியச் சாப்பாடு 12 மணிக்குத் தொடங்கும். ஒன்றரைக்குப் பிறகு போனால் பல இடங்களில் ஆர்டர் எடுக்க மாட்டார்கள். இரண்டு மணிக்கு அடுப்பு அணைந்துவிடும். இரவில் ஏழு, ஏழரைக்குத் திறந்து ஒன்பது மணிக்கெல்லாம் சமையலறையை மூடிவிடுவார்கள். இடைப்பட்ட நேரத்தில் காப்பியோ பியரோ கிடைக்கலாம், சாப்பாடு கிடைக்காது. ஞாயிறு இரவும் திங்கள் முழுவதும் பாதிக்கு மேற்பட்ட உணவகங்கள் மூடியிருக்கும், சில இடங்களில் செவ்வாயும் சேர்த்தி. சமையற்காரர் ஒருவர், பரிமாற ஒருவர் என்று நடக்கிற கடைகள் அவை. வாரத்தில் இரண்டு நாள் ஓய்வு அவர்களுக்கும் வேண்டும். ஆகவே முதலில் ஞாயிறு, திங்கள் இரவுகளுக்கான சாப்பாட்டை உறுதி செய்துகொண்டு, பிறகு அறை பதிவு செய்யுங்கள். இதைத் தலைகீழாகச் செய்பவர்கள்தான் திங்கட்கிழமை இரவில் பிஸ்கட்டோடு படுக்கிறார்கள்.

வார நாட்களின் மதியத்தில் அன்றைய சாப்பாடு என்று கரும்பலகையில் எழுதிவைத்திருப்பதை வாங்குவதே லாபம். அதே கடையில் இரவில் விலை கூடும். சேவைக் கட்டணம் விலையிலேயே அடக்கம், தனியாக டிப்ஸ் கட்டாயமில்லை. குழாய்த் தண்ணீர் ஒரு ஜாடி வேண்டும் என்று கேளுங்கள், காசு வாங்க மாட்டார்கள். வெறுமனே தண்ணீர் என்று கேட்டால் விலைக்கு விற்கும் பாட்டில் வந்துவிடும்.

ஜூராவின் பெயர்பெற்ற உணவு, மொரீல் காளானும் அந்தப் பகுதிக்கே உரிய மஞ்சள் ஒயினும் க்ரீமும் சேர்த்துச் சமைத்த கோழி. சைவர்களுக்கு அங்கே மூன்று இடங்களில் சிக்கல் வரும். கோழி இல்லாமல் ரொட்டியின்மேல் வரும் காளான் குழம்பில்கூடக் கோழிச் சாறு சேர்த்திருக்கலாம். கேட்டுவிட்டுச் சாப்பிடுவது நல்லது. பாலாடைக்கட்டியை உருக்கி ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிடும் ஃபோந்துவில் வெள்ளை ஒயின் சேர்த்திருப்பார்கள். பெரும்பாலும் இருவருக்குக் குறைந்து தரவும் மாட்டார்கள். மூன்றாவது விஷயம் பலருக்குத் தெரியாது: கோம்தே பாலாடைக்கட்டியில் பாலைத் திரிய வைப்பது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதி. கண்டிப்பான சைவர்கள் இதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யட்டும்.

சாப்பிடுகிறவர்கள் பொலினி ஊரில் கோம்தே வாங்கலாம். ஒரு வட்டு சுமார் 40 கிலோ எடை. அதற்கு 400 லிட்டர் பால் வேண்டும். குறைந்தது நான்கு மாதம் பழுக்க வைத்த பிறகே விற்பனைக்கு வரும். கடைக்காரரிடம் எத்தனை மாதம் என்று கேளுங்கள். எட்டு மாதத்தது மென்மையாக, பால்வாசத்தோடு இருக்கும். பதினெட்டு மாதத்ததில் வறுத்த கொட்டை வாசம் வரும், கடிக்கையில் சின்னச் சின்னப் படிகங்கள் பல்லில் நறநறக்கும். கடைகள் மதியம் 12 வாக்கில் மூடி இரண்டரைக்கு மேல் திறக்கும். காலையிலேயே ரொட்டியும் கோம்தேயும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டால், உணவகம் கைவிட்டாலும் வயிறு காயாது.

இனி ஒயின். மற்ற ஊர்களில் பீப்பாயில் ஆவியாகிக் குறையும் ஒயினுக்கு ஈடாக அவ்வப்போது ஊற்றி நிரப்புவார்கள். மஞ்சள் ஒயினுக்கு அப்படிச் செய்வதில்லை. சவன்யான் திராட்சையின் ஒயினைப் பீப்பாயில் விட்டுவிடுவார்கள். மேலே காலியிடம் உண்டாகி, ஒயினின் மேற்பரப்பில் சாம்பல் வெள்ளை நிறத்தில் ஈஸ்ட் ஆடை படரும். அந்த ஆடைதான் ஒயினைக் காற்றிலிருந்து காக்கிறது. ஆடை சரியாகப் பிடிக்காத பீப்பாய் காடியாகிவிடும் என்பதால் அடிக்கடி எடுத்துச் சோதிப்பார்கள். அறுவடைக்குப் பின் ஆறாம் ஆண்டின் டிசம்பர் நடுப்பகுதி வரை காத்திருந்து, 62 சென்டிலிட்டர் கொள்ளும் குட்டைப் பாட்டிலில் அடைப்பார்கள். முகர்ந்தால் அக்ரூட்டும் வெந்தயமும் மணக்கும். வெந்தயத்தின் மணத்துக்குக் காரணமான சோட்டலோன் என்ற சேர்மமே இதிலும் இருக்கிறது. இது தெரியாமல் முதல் வாயிலேயே கெட்டுப்போன ஒயின் என்று கீழே வைத்துவிடுகிறவர்கள் உண்டு. குளிரவைத்துக் குடித்தாலும் இந்த மணம் அடங்கிப்போகும். 14, 15 டிகிரியில் குடிக்க வேண்டும். பாட்டிலைத் திறந்தபின் மூடிவைத்தால் வாரக்கணக்கில் கெடாது, அதனால் ஒரே இரவில் தீர்க்க வேண்டிய அவசியமில்லை.

ருசி பார்க்கும் வரிசையும் இங்கே வேறு. வெளிறிய சிவப்பான பூல்சாரில் தொடங்குவார்கள். பிறகு இன்னொரு சிவப்பு ஒயினான த்ரூசோ, அடுத்து வெள்ளை ஒயின்கள், அதன்பின் மஞ்சள் ஒயின், கடைசியில் உலர்த்திய திராட்சையில் செய்த இனிப்பு ஒயின். வெள்ளை ஒயினை வாங்குமுன் அது பீப்பாயை நிரப்பி வளர்த்ததா, ஆடைக்கடியில் வளர்த்ததா என்று கட்டாயம் கேளுங்கள். இரண்டுக்கும் சுவையில் ஏணி வைத்தாலும் எட்டாது. பெரும்பாலும் லேபிளைப் பார்த்து மட்டும் கண்டுபிடிக்க முடியாது.

சிறு தோட்டக்காரர்களிடம் முன்கூட்டிச் சொல்லாமல் போய்க் கதவைத் தட்டக் கூடாது. இரண்டு மூன்று நாள் முன்பே தொலைபேசியில் நேரமும் ஆள் எண்ணிக்கையும் சொல்லுங்கள். செப்டம்பர் அறுவடை நேரத்தில் அவர்களுக்குப் பேசவே பொழுதிருக்காது. பேர்போன தோட்டங்களில் விற்கச் சரக்கே இல்லாத ஆண்டுகளும் உண்டு. 2021 ஏப்ரலில் விழுந்த உறைபனி துளிர்களைக் கருக்கி விளைச்சலை அடியோடு குறைத்துவிட்டது. முன்பதிவு இல்லாதவர்களுக்கு ஆர்புவாவில் 1906-இல் தொடங்கிய விவசாயிகள் கூட்டுறவின் விற்பனைக் கூடம் இருக்கிறது. அங்கே எல்லா வகையையும் ஒரே இடத்தில் சுவைக்கலாம். என் பார்வையில் முதல் நாளை அங்கே கழித்து, நாக்கு பழகிய பிறகு தோட்டங்களுக்குப் போவதே முறை.

தங்குவதற்கு மூன்று வகை. சிறு ஓட்டல்களில் இரவில் வரவேற்பில் ஆள் இருக்க மாட்டார். தாமதமாகும் என்றால் கதவுக்கான எண்ணை முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். வாரக் கணக்கில் வாடகைக்கு விடும் முழு வீடுகள் கோடையில் சனி முதல் சனி வரைதான். படுக்கை விரிப்பு, துப்புரவுக் கட்டணம் தனியாக இருக்கலாம். மூன்றாவது, வீட்டுக்காரரே தம் வீட்டில் அறை கொடுப்பது. சட்டப்படி ஐந்து அறை, பதினைந்து பேருக்கு மேல் கூடாது. காலை உணவு வாடகையில் சேர்ந்தது. சில வீடுகளில் இரவுச் சாப்பாடும் போடுவார்கள். தங்குகிறவர்களுக்கு மட்டும், எல்லோருக்கும் ஒரே சமையல், ஒரே மேசை. திங்கட்கிழமைப் பிரச்சினைக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் சைவமா, எது ஒத்துக்கொள்ளாது என்பதைப் பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். சாயங்காலம் வந்து சொன்னால் அவர்களுக்கும் சங்கடம். பிப்ரவரி தொடக்கத்தில் மஞ்சள் ஒயின் திருவிழா வரும் வார இறுதியில் பல மாதங்களுக்கு முன்பே அறைகள் தீர்ந்துவிடும்.

கார் ஓட்டுகிறவர் ஒயினைத் துப்பத்தான் வேண்டும். அதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள், யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால் சட்டத்தின் எல்லை. புதிதாக உரிமம் பெற்றவர்களுக்கு 0.2 தான், அதாவது ஒரு கோப்பைகூடக் கூடாது. மலைச் சாலைகள் வளைவு நிறைந்தவை, இரவில் விளக்கில்லை. ஆர்புவாவிலிருந்து ப்யூபிலான் கிராமம் மூன்று கிலோமீட்டர்தான். மேடு என்றாலும் தோட்டங்களுக்கு நடுவே நடந்தே போய்வரலாம். அதற்கு மேல் தொலைவென்றால் டாக்ஸியைப் பகலிலேயே பேசிவைத்துவிடுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் கூப்பிட்டால் வர ஆளிருக்காது.

இப்படிக்கு,
பிரான்சிலிருந்து ஒரு வாசகர்