ரேடாருக்கு முன்னால் மழைமானி

ஆசிரியருக்கு,

வானிலை ஆய்வில் ஆர்வம் காட்டும் இளநிலை மாணவருக்குப் பல நேரம் கொடுக்கப்படும் செயல்திட்டம், செயற்கை நுண்ணறிவால் மழையை முன்கணிப்பது. கணினிக்கு ஊட்டும் அந்த எண்கள் எப்படிப் பிறந்தன என்று தெரியாமலே திட்டம் முடிந்துவிடுகிறது. ரேடார் மழையை அளப்பதில்லை, தான் விடும் அலை மழைத்துளிகளில் பட்டுத் திரும்பும் எதிரொலியைத்தான் அளக்கிறது. எதிரொலியோ துளி விட்டத்தின் ஆறாம் அடுக்கைப் பொறுத்தது. 2 மி.மீ. துளி ஒன்று, 1 மி.மீ. துளிகள் 64 தரும் எதிரொலியைத் தரும். ஆனால் அதில் உள்ள நீர் 8 துளிகளுக்குத்தான் சமம்.

ஆகவே எதிரொலியிலிருந்து மழைக்குப் போகும் சூத்திரம் மழைக்கு மழை மாறும். ஆய்வாளர்கள் மார்ஷலும் பாமரும் 1948-இல் தந்த துளி அளவுப் பரவலை ஒட்டி வழங்கும் சூத்திரம், எதிரொலி = 200 × (மணிக்கு மழை மி.மீ.)^1.6; அதாவது கெழு 200, அடுக்கு 1.6. அமெரிக்க ரேடார்களில் வழக்கமானது 300, 1.4. எதிரொலி 50 டி.பி.இசட். (எதிரொலி வலிமையின் மடக்கை அளவு; 50 என்பது சூத்திரத்தில் 1,00,000) என்றால் முதலாவது மணிக்கு 49 மி.மீ. என்று காட்டும், இரண்டாவது 63 என்று காட்டும். எது சரி என்பதை மழைமானிதான் சொல்ல வேண்டும்.

அந்த மானியையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. 20 செ.மீ. வாய் அகலமும் கவிழ்வுக்கு 0.2 மி.மீ. அளவும் கொண்ட கவிழ்கலன் மானியில் (சிறு கலன் நிரம்பிக் கவிழும் தடவைகளை எண்ணி மழையை அளப்பது) 628 மி.லி. நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டால் 100 கவிழ்வு வர வேண்டும். வேகமாக ஊற்றினால் குறையும். கலன் கவிழும் நொடியில் விழும் நீர் கணக்கில் வராது. பெருமழையிலும் அதே கதைதான். இலை அடைத்த புனல் காட்டும் சுழியத்தை 'மழை இல்லை' என்று பதிந்தால், பிறகு எந்த நிரலும் அதைத் திருத்தித் தராது.

அமெரிக்காவின் நெக்ஸ்ராட் ரேடார் பதிவுகள் 1991 முதல் இலவசமாகக் கிடைக்கின்றன. பைத்தான் நிரல்மொழியில் பை-ஆர்ட் நிரல்தொகுப்பு அவற்றைத் திறக்கும். ஒரு ரேடார், ஒரு மழைநாள், அருகில் உள்ள சில மானிகள் போதும். புதியவர் சறுக்கும் இடங்கள் தெரிந்தவையே. டி.பி.இசட். மடக்கை அளவு, அதை நேரடியாகச் சராசரி எடுக்கக் கூடாது: 20-க்கும் 40-க்கும் சராசரி 30 அன்று, 37. ரேடார் பதிவு உலக நேரத்தில் இருக்கும், மானி உள்ளூர் நேரத்தில் இருக்கலாம். 0.5 பாகை சாய்வில் போகும் ரேடார் கற்றை, 100 கி.மீ. தொலைவில் ஏறத்தாழ 1.5 கி.மீ. உயரத்திலும் 200 கி.மீ.யில் 4 கி.மீ.க்கு மேலும் இருக்கும். பனி உருகும் அடுக்கில் கற்றை பட்டால், நீர் பூசிய பனித்திரள் பெருந்துளிபோல் தெரிந்து மழை மிகையாகக் காட்டும்.

ஆய்வகத்தில் இடம் கேட்டு எழுதும் மாணவர் மதிப்பெண் பட்டியலோடு ஒரு வரைபடத்தையும் இணைக்கட்டும்: மானியின் மணிவாரி மழை ஓர் அச்சில், ரேடார் கணக்கு மறு அச்சில். புள்ளிகள் விலகும் இடத்தில் காரணத்தை ஊகித்து இரண்டு பத்தி எழுதினால் போதும். பேராசிரியர் முதலில் படிப்பது அதைத்தான்.

– மழை அளவீட்டு ஆய்வாளர்