நண்பனுக்கு: பீகிள்போனுக்கான புரோகிராமை லேப்டாப்பில் கம்பைல் செய்வது பற்றி

வேளச்சேரி, சென்னை

அன்புள்ள நண்பா,

உன் மெயிலும் எரர் படங்களும் வந்தன. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. சொட்டு மருந்து நேரம் தவறாமல் பார்த்துக்கொள்.

குடியிருப்பின் சம்ப், மாடித் தொட்டி இரண்டிலும் நீர்மட்டத்தை பீகிள்போன் பிளாக் என்ற குட்டி லினக்ஸ் கணினி போர்டை வைத்துப் பதிவு செய்யப் போகிறாய் என்பது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. லாரித் தண்ணீருக்கு எப்போது சொல்லிவைப்பது என்பதைக் கண்ணளவில் முடிவு செய்யும் நம் ஊருக்கு இது உருப்படியான வேலை.

முதலில் அந்த எரர். ‘ஜிலிப்சி 2.38 கிடைக்கவில்லை’ என்கிறது. ஜிலிப்சி என்பது லினக்ஸில் ஏறக்குறைய எல்லாப் புரோகிராம்களும் நம்பியிருக்கும் அடிப்படை சி லைப்ரரி. அடுத்த வரியில் சி++ லைப்ரரிக்கும் அதே புகார், 3.4.32 என்ற எண்ணோடு. உன் கோடில் தப்பில்லை. உன் லேப்டாப்பில் இருப்பது உபுண்டு 24.04. அதன் ஆர்ம் கிராஸ் கம்பைலர் (இன்டெல் லேப்டாப்பில் ஓடி, போர்டின் ஆர்ம் சிப்புக்கான பைனரியை உருவாக்குவது) ஜிலிப்சி 2.39-உடன் லிங்க் செய்கிறது. போர்டில் ஓடும் டெபியன் 12-இல் இருப்பதோ 2.36. பழைய ஜிலிப்சியோடு லிங்க் ஆனது புதியதில் ஓடும். ஆனால் புதியதோடு லிங்க் ஆனது பழையதில் ஓடும் என்று நம்ப முடியாது. குறிப்பாக 2.38-ஐக் கேட்பதற்குக் காரணம், எழுத்திலிருந்து எண்ணைப் படிக்கும் ‘எஸ்டிஆர்-டு-எல்’, ‘எஸ்-ஸ்கேன்-எஃப்’ போன்ற ஃபங்ஷன்களுக்கு அந்தப் பதிப்பில் புது சி23 வடிவம் வந்ததுதான். சி++ கம்பைலர் க்னு நீட்சிகளைத் தானாகவே இயக்கிவிடும். அதனால் அப்படி ஒரு வரி எழுதியிருந்தாலே புது வடிவம் வந்து ஒட்டிக்கொள்ளும். 3.4.32 என்பது ஜிசிசி 13.2-இன் சி++ லைப்ரரியோடு வந்த எண். டெபியன் 12-இல் இருப்பது ஜிசிசி 12. ஐஓஸ்ட்ரீம் ஹெடரைச் சேர்த்திருந்தாலே அந்தப் புகார் வந்துவிடும்.

போர்டில் ஜிலிப்சியை மட்டும் மேலேற்றலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டவே வேண்டாம். ஷெல்லிலிருந்து லாகின் வரை எல்லாம் அதன் மேல்தான் நிற்கின்றன. பாதியில் நின்றால் ‘எல்எஸ்’ கூட ஓடாது. ஸ்டாட்டிக்காக லிங்க் செய்வது, அதாவது லைப்ரரியையும் புரோகிராமுக்குள்ளேயே சேர்த்துவிடுவது, சின்னக் கருவிகளுக்குச் சரி. ஆனால் உன் புரோகிராம் எம்க்யூடிடி (சென்சார் அளவுகளை அனுப்பும் முறை) சர்வரைப் பெயர் சொல்லித் தேடுகிறது. பெயரை ஐபி எண்ணாக மாற்றும் வேலைக்கு, ஸ்டாட்டிக்காக லிங்க் செய்தாலும், ஜிலிப்சி ஓடும்போது அதே பதிப்பு ஷேர்டு லைப்ரரிகளைத் தேடும். ஆக, கிளம்பிய இடத்துக்கே வந்து நிற்பாய்.

இன்னொரு குறுக்கு வழி உபுண்டுவின் ஆர்ம் லைப்ரரிகளை எடுத்துப் போர்டில் போடுவது. இது இன்னும் மோசம், ஏனென்றால் எரர் காட்டாமலே கெடுக்கும். 32 பிட் நேரக் கணக்கு 2038 ஜனவரி 19-இல் நிரம்பிவிடும் என்பதற்காக உபுண்டு 24.04-உம் டெபியன் 13-உம் ஆர்ம்ஹெச்எஃப்-இல் (உன் போர்டின் 32 பிட் ஆர்ம் வகை) நேரத்தை 64 பிட்டுக்கு மாற்றிவிட்டன. டெபியன் 12 இன்னும் 32 பிட்டில் இருக்கிறது. இரண்டையும் கலந்தால் நேரம் அடங்கிய ஸ்ட்ரக்சர்களின் அளவே வேறாகிவிடும். தொட்டி எப்போது நிரம்பியது என்று எழுதிவைக்கப் போகிற புரோகிராமுக்கு இது ஆகாது.

ஆகவே நான் உறுதியாகச் சொல்வது ஒன்றுதான். கெர்னலுக்கும், அதை ஏற்றிவிடும் யு-பூட்டுக்கும் ஆர்முக்கான எந்தக் கிராஸ் கம்பைலரும் போதும். அவை எந்த சி லைப்ரரியோடும் லிங்க் ஆவதில்லை. உன் அப்ளிகேஷனை மட்டும், போர்டில் இருக்கும் அதே டெபியனுக்குள் உட்கார்ந்து கம்பைல் செய். இரண்டையும் ஒரே டூல்செயினில் (கம்பைலர், லிங்கர், லைப்ரரித் தொகுப்பு) முடிக்கப் பார்ப்பதால்தான் பலரும் வாரக்கணக்கில் அலைகிறார்கள்.

அந்த டெபியனை லேப்டாப்பிலேயே டாக்கரில், அதாவது தனியாக அடைத்த ஒரு சின்ன லினக்ஸ் சூழலில், எழுப்பலாம். புக்வர்ம் (டெபியன் 12-இன் பெயர்) இமேஜை, லேப்டாப்பின் 64 பிட் இன்டெல் வகையாகவே இழு. ஆர்ம் இமேஜை இழுத்தால் கம்பைலரே க்யூஎமு எமுலேட்டர் வழியாக ஓடி ஆமை வேகத்தில் நகரும். உள்ளே போனதும் பேக்கேஜ் கருவியான ‘டிபிகேஜி’யிடம் ஆர்ம்ஹெச்எஃப்-ஐ இரண்டாவது ஆர்க்கிடெக்சராகச் சேர்க்கச் சொல்லி, ‘ஏபிடி அப்டேட்’ கொடு. இந்த அப்டேட்டை விட்டுவிட்டால் அடுத்த படியில் பேக்கேஜே இல்லை என்று சொல்லும். பிறகு ‘கிராஸ்பில்ட்-எசென்ஷியல்-ஆர்ம்ஹெச்எஃப்’ பேக்கேஜைப் போடு. கம்பைலர், லிங்கர், ஹெடர்கள் எல்லாம் அதோடு வந்துவிடும். கடைசியாக உனக்கு வேண்டிய மொஸ்கிட்டோ (எம்க்யூடிடி லைப்ரரி), எஸ்க்யூலைட் (டேட்டாபேஸ்) இரண்டின் டெவ் பேக்கேஜ்களை, பெயருக்குப் பின்னால் கோலன் போட்டு ஆர்ம்ஹெச்எஃப் என்று சேர்த்து நிறுவு. அந்தக் கோலனை மறந்தால் இன்டெல் லைப்ரரி இறங்கும். அப்போது லிங்கர் லைப்ரரி கிடைக்கவில்லை என்று நிற்கும்.

சோர்ஸ் ஃபோல்டரை வெளியிலிருந்து மவுன்ட் செய். பேக்கேஜ்களை நிறுவி முடித்தபின், கம்பைல் செய்யும்போது டாக்கரை உன் யூசர் எண்ணோடு ஓட்டு. இல்லாவிட்டால் பில்ட் ஃபைல்கள் எல்லாம் ரூட் பெயரில் உருவாகி, வெளியே வந்து அழிக்கக்கூட முடியாது.

லைப்ரரிகள் இருக்கும் இடத்தைச் சொல்லும் பிகேஜி-கான்ஃபிக்கில் ஒரு கண்ணி இருக்கிறது. அதற்கு வழி காட்ட ‘பாத்’ என்று முடியும் வேரியபிளும் உண்டு, ‘லிப்டிர்’ என்று முடியும் வேரியபிளும் உண்டு. முன்னது, தேடும் இடங்களோடு இன்னொன்றைச் சேர்க்கும். லேப்டாப்பின் சொந்த இடங்களும் பட்டியலில் இருக்கும். பின்னது பழைய பட்டியலையே மாற்றிவிடும். கிராஸ் வேலைக்குப் பின்னதுதான். சிமேக் என்ற பில்ட் கருவியில் டூல்செயின் ஃபைலைத் திருத்தினால் பில்ட் ஃபோல்டரை முழுக்க அழித்துவிட்டு மறுபடி ஓட்டு. பழைய கம்பைலரை அது கேஷில் எழுதிவைத்திருக்கும். உன் திருத்தத்தைக் கண்டுகொள்ளாது. ஆட்டோகான்ஃப் கேட்கும் ‘ஹோஸ்ட்’ என்பது புரோகிராம் ஓடப்போகும் இயந்திரம். நாம் உட்கார்ந்திருக்கும் இயந்திரம் ‘பில்ட்’. இந்தப் பெயர்கள் எல்லோரையும் குழப்பும்.

போர்டுக்கு அனுப்பும் முன் ‘ரீட்எல்ஃப்’ கொண்டு பைனரி கேட்கும் ஜிலிப்சி எண்களைப் பார். 2.36-க்கு மேல் ஒன்றும் இருக்கக் கூடாது. ‘எல்டிடி’ இங்கே உதவாது, அது லேப்டாப்பின் சொந்த பைனரிகளுக்கு மட்டும்தான்.

உன் இரண்டாவது படத்தில், ஃபைல் கண்ணெதிரே இருக்கிறது, ஓட்டினால் ‘அப்படி ஒரு ஃபைல் இல்லை’ என்கிறது. இல்லாதது உன் ஃபைல் அல்ல. அதற்குள் எழுதப்பட்டிருக்கும் டைனமிக் லிங்கர்தான் போர்டில் இல்லை. சென்சார் விற்ற கடையில் கொடுத்த அந்தக் கருவி, பழைய ஆர்மெல் வகையில், அதாவது மிதவைப் புள்ளி எண்களைச் சாதாரண ரெஜிஸ்டர்களில் அனுப்பும் முறையில் கம்பைல் ஆனது. உன் போர்டின் ஹார்டு ஃப்ளோட் முறை அவற்றை விஎஃப்பி ரெஜிஸ்டர்களில் அனுப்பும். இரண்டுக்கும் டைனமிக் லிங்கரின் பெயரே வேறு. சிம்லிங்க் போட்டுப் பெயரைச் சரிக்கட்டாதே. ஒருவேளை ஓடினாலும் அளவுகள் குப்பையாக வரும். சோர்ஸ் கேட்டு வாங்கி நீயே கம்பைல் செய்.

டிரைவர் மாட்யூலுக்கான கெர்னல் வேலை இதைவிட எளிது. பைசன், ஃப்ளெக்ஸ், பிசி, ஓப்பன்எஸ்எஸ்எல்-இன் டெவ் பேக்கேஜ், என்கர்சஸின் டெவ் பேக்கேஜ் இவ்வளவும் லேப்டாப்பில் வேண்டும். ஒவ்வொரு மேக் கட்டளையிலும் ஆர்க் என்பதற்கு ஆர்ம் என்றும், கிராஸ்-கம்பைல் என்பதற்குக் கம்பைலரின் முன்னொட்டும் கொடு. முன்னொட்டின் கடைசிச் சிறுகோட்டை விட்டுவிடாதே. ஒரே ஒரு முறை ஆர்க்கை மறந்து ‘மெனுகான்ஃபிக்’ ஓட்டினாலும் உன் கான்ஃபிக் இன்டெல்லுக்கானதாக மாற்றி எழுதப்பட்டுவிடும். அதனால் கான்ஃபிக் ஃபைலை வெளியே ஒரு பிரதி எடுத்து வை. சோர்ஸை விண்டோஸ் டிரைவில் வைக்காதே. பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் மட்டுமே உள்ள ஃபைல்கள் கெர்னலில் உண்டு. ஒன்றின் மேல் ஒன்று எழுதப்பட்டுவிடும்.

மாட்யூல் ஏறாமல் ‘வெர்ஷன் மேஜிக்’ என்று புகார் சொன்னால், போர்டில் ஓடும் கெர்னலும் நீ கம்பைல் செய்ததும் வேறு வேறு. கிட்டில் டேக் போட்ட கமிட்டைத் தாண்டி வந்திருந்தாலோ கமிட் செய்யாத மாற்றம் இருந்தாலோ பதிப்பின் பெயருக்குப் பின்னால் ஒரு கூட்டல் குறி ஒட்டிக்கொள்ளும். பல சமயம் அதுதான் காரணம். புது கெர்னலைப் போர்டின் பூட் ஃபோல்டரில் பழையதன் பக்கத்திலேயே வைத்து, யு-என்வ் என்ற பூட் அமைப்பு ஃபைலில் பதிப்பின் பெயரை மட்டும் மாற்று. பழையதை அழிக்காதே.

இனி சீரியல் கேபிள். இது இல்லாமல் கெர்னலைத் தொடாதே. பூட் நின்றுபோனால் ஏன் என்று சொல்லும் வாய் போர்டுக்கு அது ஒன்றுதான். ரிச்சி தெருவில் சிபி2102 அல்லது எஃப்டி232 மாட்யூல் கேள். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினால் நடக்கிற தூரம். வாங்கும்போதே 3.3 வோல்ட்டா என்று பார். சிலவற்றில் 3.3-க்கும் 5-க்கும் மாற்றும் ஜம்பர் இருக்கும், அதை 3.3-இல் வை. 5 வோல்ட் கொடுத்தால் ஏஎம்3358 சிப்பின் பின் போய்விடும். போர்டின் ஜே1 வரிசையில் 1-ஆவது கிரவுண்டு, 4-ஆவது ரிசீவ், 5-ஆவது டிரான்ஸ்மிட். கேபிளின் டிரான்ஸ்மிட்டைப் போர்டின் ரிசீவில் போடு. கேபிளின் 5 வோல்ட் கம்பியை எங்கும் இணைக்காதே. போர்டுக்குத் தனியாக 5 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர் கொடு.

வேகம் 115200. மினிகாமில் (சீரியல் டெர்மினல் புரோகிராம்) எழுத்து வந்தும் நீ தட்டுவது போகவில்லை என்றால் ஹார்டுவேர் ஃப்ளோ கன்ட்ரோல் ஆனில் இருக்கிறது, அணைத்துவிடு. பிகோகாமில் இந்தத் தொல்லை இல்லை. கேபிளைச் செருகியதும் லேப்டாப்பில் சீரியல் போர்ட் தோன்றி மறைந்தால் பிஆர்எல்டிடிஒய் என்ற பிரெய்ல் சேவை அதைப் பிடித்துக்கொள்கிறது; உனக்கு அது தேவையில்லையென்றால் நீக்கிவிடு. உன் யூசரை ‘டயல்அவுட்’ குழுவில் சேர்த்து, லாகவுட் செய்து மறுபடி லாகின் செய்.

திரையில் ‘சி’ என்ற எழுத்து மட்டும் வரிசையாக வந்துகொண்டிருந்தால், சிப்பின் ரோம் எங்கும் எம்எல்ஓ என்ற முதல் பூட் ஃபைலைக் காணாமல் சீரியல் வழியாக அனுப்பச் சொல்லிக் கேட்கிறது என்று அர்த்தம். போர்டு சாகவில்லை. நல்ல எஸ்டி கார்டைப் போட்டு, எஸ்2 பட்டனை அழுத்திப் பிடித்தபடி பவர் கொடு. வெறும் ரீசெட் போதாது. எங்கிருந்து பூட் ஆவது என்பதை சிப் பவர் ஏறும்போதுதான் பார்க்கும். ‘ஸ்டார்ட்டிங் கெர்னல்’ என்று சொல்லி அமைதியாகிவிட்டால் தவறான டிவைஸ் ட்ரீயையோ (கெர்னலுக்குப் போர்டின் ஹார்டுவேரைச் சொல்லும் ஃபைல்) கன்சோல் பெயரையோ சந்தேகப்படு. பழைய குறிப்புகளில் கன்சோல் ‘டிடிஒய்-ஓ-0’ என்று இருக்கும், இப்போது ‘டிடிஒய்-எஸ்-0’. பூட் ஆனபின் நெட்வொர்க் சிப்பையே காணோம் என்று சொன்னால் பவரைக் கழற்றி மறுபடி போடு. இந்தப் போர்டில் எப்போதாவது அப்படி ஆகும்.

இன்னும் ஒன்று. போர்டில் பேட்டரியோடு கூடிய கடிகாரம் இல்லை. கரண்ட் போய் வந்தபின் நெட் வரும்வரை தேதி தப்பாக இருக்கும், அந்த நேரத்தில் டிஎல்எஸ் இணைப்பும் சான்றிதழ் செல்லாது என்று நிராகரிக்கப்படும். நேரம் ஒத்துவந்த பிறகே உன் சேவை தொடங்குமாறு சிஸ்டம்டி-யில் எழுது. டிஎஸ்3231 கடிகார மாட்யூல் ஒன்று ஐ2சி-யில் சேர்த்துவிட்டால் இன்னும் நல்லது. ரிச்சி தெருவுக்குப் போகும்போதே அதையும் வாங்கிக்கொள். அல்ட்ராசானிக் சென்சாரின் எக்கோ கம்பி 5 வோல்ட் தரும் வகை என்றால் 1 கிலோஓம், 2 கிலோஓம் ரெசிஸ்டர் போட்டுக் குறைத்த பிறகே போர்டில் கொடு.

ஞாயிற்றுக்கிழமை போகாதே, பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். கேபிள் வந்ததும் பவர் கொடுத்ததிலிருந்து லாகின் வரை சீரியலில் வருவதை முழுதாகச் சேமித்து அனுப்பு. படம் எடுக்காமல் டெக்ஸ்ட்டாகவே அனுப்பு. யு-பூட் எந்தத் தேதியில் கம்பைல் ஆனது என்பது அதன் முதல் வரிகளிலேயே இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, இஎம்எம்சி-யில் (போர்டிலேயே உள்ள ஃப்ளாஷ் நினைவகம்) இருக்கும் யு-பூட்டை மாற்ற வேண்டுமா என்று சொல்கிறேன்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உன் நண்பன்