அகாடியர்கள் செய்ததை மதுரை சௌராஷ்டிரர்கள் எப்போது செய்யப்போகிறோம்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மதுரையில் கொஞ்சம் பெரிய ஓட்டல் எதற்குப் போனாலும் இப்போது 'கேஜுன் பொட்டேட்டோ' கிடைக்கிறது, பிள்ளைகளும் ஆசையாகக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள். அமெரிக்காவின் லூசியானாவில் வாழும் ஒரு ஜனத்துக்குத்தான் கேஜுன் என்று பெயர். அவர்களுடைய வரலாற்றைப் படிக்கத் தொடங்கியதிலிருந்து எனக்கு எங்கள் மகால் பகுதித் தெருக்களும் எங்கள் சௌராஷ்டிரப் பேச்சும்தான் மனதில் ஓடுகின்றன. அதனால்தான் இந்தக் கடிதம்.

கேஜுன்களின் முன்னோர் அகாடியர்கள். 1600களில் பிரான்சிலிருந்து போய், இன்று கனடாவில் நோவா ஸ்கோஷியா என்று சொல்லப்படும் பகுதியில் குடியேறிய விவசாயிகள். கடல் ஏறி இறங்கும் சதுப்பு நிலத்தில் மண்கரை போட்டு, கரைக்கு அடியில் மரத்தில் ஒரு மதகு வைத்து, அதற்குள் ஒரு கதவைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். வயல் தண்ணீர் வடியும்போது கதவு தானாகத் திறக்கும், கடல் ஏறும்போது அந்தத் தண்ணீரே கதவைத் தள்ளி மூடிவிடும். சில வருஷ மழையில் உப்பு கரைந்து போனால் நல்ல விளைநிலம். கண்மாயும் மடையுமாக வாழ்ந்த நம் பக்கத்து ஜனங்களுக்கு அந்த உழைப்பின் அருமையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

1713 ஒப்பந்தத்தில் அந்த நிலம் பிரிட்டன் கைக்குப் போனது. நிபந்தனையில்லாமல் விசுவாசப் பிரமாணம் எடுக்க அகாடியர்கள் மறுத்தார்கள். 1755 செப்டம்பர் 5 அன்று கிராண்ட் ப்ரே ஊரின் ஆண்களைத் தேவாலயத்துக்கு வரச் சொல்லி, உள்ளே வைத்து, உங்கள் நிலமும் மாடும் இனி அரசுக்குச் சொந்தம், நீங்கள் கப்பலேற வேண்டும் என்று உத்தரவை வாசித்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் 10,000 பேருக்கு மேல் நாடு கடத்தப்பட்டார்கள், நோயிலும் கப்பல் மூழ்கியும் இறந்தவர்கள் ஏராளம். தப்பிப் பிழைத்தவர்களில் ஒரு பகுதியினர் 1760களில் லூசியானா வந்தார்கள், 1785ல் பிரான்சிலிருந்து ஏழு கப்பல்களில் சுமார் 1,600 பேர் வந்து சேர்ந்தார்கள். அங்கே இருந்த ஆப்பிரிக்க வம்சாவளியினர், பூர்வகுடிகள், ஸ்பானியர், ஜெர்மானியர் எல்லாரோடும் பழகித்தான் கேஜுன் சமையலும் அக்கார்டியன் இசையும் உருவாயின.

எங்கள் பெரியவர்களும் ஒரு புலம்பெயர்ந்த கதை சொல்வார்கள். கஜினி முகமது சோமநாதபுரத்தின் மீது படையெடுத்த காலத்தில், இன்றைய குஜராத்தில் இருக்கும் சௌராஷ்டிர நாட்டை விட்டுக் கிளம்பி, தலைமுறை தலைமுறையாகத் தெற்கே நகர்ந்து, விஜயநகரம் வழியாக மதுரைக்கு வந்தோம், பட்டு நெய்வதால் நாயக்க மன்னர்கள் அரண்மனைக்குப் பக்கத்திலேயே குடியிருக்க இடம் கொடுத்தார்கள் என்று. அத்தனை நூறு வருஷமும் பெரும்பாலும் வீட்டுக்குள் பேசியே எங்கள் பாஷை பிழைத்திருக்கிறது.

லூசியானாவில் 1921ல் பள்ளிகளில் ஆங்கிலம் மட்டும்தான் என்று மாநில அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். பள்ளியில் பிரெஞ்சு பேசிய குழந்தையை அடித்தார்கள், இனிப் பேச மாட்டேன் என்று திரும்பத் திரும்ப எழுத வைத்தார்கள். அந்தக் குழந்தைகள் வளர்ந்து பெற்றோரானபோது, நாம் பட்டது போதும் என்று தங்கள் பிள்ளைகளிடம் பிரெஞ்சில் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். பாட்டி பேசுவது பேரனுக்குப் புரியாத நிலை ஒன்றிரண்டு தலைமுறையில் வந்துவிட்டது. மதுரையில் எங்களை யாரும் அடிக்கவில்லை. தமிழ் எங்களைச் சொந்தப் பிள்ளையாகத்தான் வளர்த்தது, நானே தமிழில்தானே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். அப்படியிருந்தும் இன்று எத்தனையோ சௌராஷ்டிர வீடுகளில் பெரியவர்கள் எங்கள் பாஷையில் கேட்க, பிள்ளைகள் தமிழிலோ ஆங்கிலத்திலோ பதில் சொல்கிறார்கள். தண்டனை எதுவும் இல்லாமலே கைநழுவ விடுகிறோமே என்பதுதான் என் ஆதங்கம்.

ஆனால் கேஜுன்கள் மீண்டும் எழுந்தார்கள். 1964ல் டூவி பால்ஃபா என்ற பிடில் கலைஞரும் அவரோடு இன்னும் இருவரும் நியூபோர்ட் நாட்டார் இசை விழாவுக்குக் கிளம்பினார்கள். இந்த நாட்டுப்புறச் சத்தத்தையெல்லாம் வெளியூரில் போய் வாசித்து மானத்தை வாங்கப் போகிறார்களா என்கிற தோரணையில் உள்ளூர்ப் பத்திரிகையே எழுதியது. அங்கே போனால் ஆயிரக்கணக்கான ஜனம் எழுந்து நின்று கைதட்டியது. பால்ஃபா ஊர் திரும்பி, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளுக்கு அந்த இசையை வாசித்துக் காட்டினார். 1968ல் பிரெஞ்சைக் காப்பதற்கென்றே லூசியானா அரசு ஓர் அமைப்பை ஏற்படுத்தியது. 1974ல் லஃபாயெட் நகரில் கேஜுன் இசைக்காக நடந்த கச்சேரிக்குக் கூட்டம் அலைமோதியது, அதுவே வருஷா வருஷம் நடக்கும் திருவிழாவாக வளர்ந்தது.

அங்கேயும் சண்டை இல்லாமல் இல்லை. பள்ளிகளில் பிரெஞ்சு சொல்லித்தர பிரான்சிலிருந்தும் பெல்ஜியத்திலிருந்தும் ஆசிரியர்களை வரவழைத்தார்கள், பிள்ளைகள் கற்றுக்கொண்டு வந்த பிரெஞ்சு வீட்டுப் பெரியவர்களின் பிரெஞ்சோடு ஒட்டவில்லை என்று குறை வந்தது. உள்ளூர்ப் பேச்சை ஆங்கில உச்சரிப்பை வைத்து எழுதிப் பாடம் நடத்தினார் ஓர் ஆசிரியர், அதை ஏற்காதவர்களும் இருந்தார்கள். படிக்கும்போது எங்கள் எழுத்துச் சண்டைதான் ஞாபகம் வந்தது. சௌராஷ்டிர எழுத்தா, தேவநாகரியா, தமிழ் எழுத்தா என்று நாங்கள் பேசிக்கொண்டே இருக்கிறோம். எங்கள் எழுத்து 2008லேயே கணினி எழுத்துகளுக்கான யூனிகோடில் ஏறிவிட்டது, ஆனால் வாசிக்கத் தெரிந்தவர்கள் சொற்பம். என்னைக் கேட்டால், பிள்ளைகள் முதலில் பேசட்டும். எந்த எழுத்தில் எழுதினாலும் சரி, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அகாடியர்களிடம் எனக்கு மிகவும் பிடித்தது உலக அகாடியர் மாநாடு. 1994ல் கனடாவின் நியூ பிரன்சுவிக்கில் தொடங்கி ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிறது. அதில் மேடைப் பேச்சை விட முக்கியம் குடும்பச் சந்திப்புகள்தான். ஒரே குடும்பப் பெயர் கொண்டவர்கள் கனடாவிலிருந்தும் லூசியானாவிலிருந்தும் வந்து ஓரிடத்தில் கூடி, யார் யாருக்கு என்ன உறவு என்று பார்க்கிறார்கள். எங்களுக்கும் வீட்டுப் பெயர்கள் இருக்கின்றன, மதுரை, பரமக்குடி, திண்டுக்கல், சேலம், கும்பகோணம் என்று சிதறிய சொந்தங்கள் இருக்கிறார்கள். கல்யாணத்தில் பார்த்துக்கொள்வதோடு சரி. ஒரு வீட்டுப் பெயரை எடுத்துக்கொண்டு, அந்தக் குடும்பத்தார் எல்லாரையும் ஒருநாள் ஒரு மண்டபத்தில் கூட்டி, அன்று முழுக்க எங்கள் பாஷையிலேயே பேசுவோம் என்றால் வர மாட்டார்களா?

கட்டுச் சுங்குடி இன்னொரு கவலை. புவிசார் குறியீடு 2005லேயே வாங்கிவிட்டோம். ஆனால் துணியை நகத்தால் துளியூண்டு கிள்ளிப் பிடித்து, நூலைச் சுற்றி இறுக்கி, முடிச்சு முடிச்சாகச் சேலை முழுக்கப் போட்டு, சாயத்தில் முக்கிக் காயவைத்து, பிறகு முடிச்சுகளை அவிழ்த்தால் நடுவில் சாயப் பொட்டோடு வெள்ளை வட்டங்கள் பூத்து வருமே, அந்த வேலை தெரிந்த கைகள் பெரும்பாலும் வயதான பெண்களுடையவை. கடையில் குவிந்திருப்பவை அநேகமாக அச்சுப் போட்டவை. அந்தப் பெண்களுக்கு மரியாதையான சம்பளம் கொடுத்து, பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு மணி நேரம் சொல்லித்தரச் செய்ய வேண்டும், முடிச்சுப் போடும்போது பேசும் பேச்சும் சௌராஷ்டிரமாகவே இருக்க வேண்டும். எங்கள் பாஷையில் பாடிய மகான் நடனகோபால நாயகி சுவாமிகளின் பாட்டுகளை மார்கழி பஜனையில் பாடுகிறோம், அர்த்தம் கேட்டால் இளவட்டங்கள் விழிக்கிறார்கள். பாடி முடித்தபின் ஐந்து நிமிஷம் பொருள் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

எண்பது தொண்ணூறு வயதுப் பெரியவர்கள் இருக்கும் வீட்டார் அவர்கள் பேசுவதை, கல்யாணப் பாட்டை, தறிப் பாட்டை இந்த வாரமே செல்போனில் பதிவு செய்து வையுங்கள். பெயர், ஊர், தேதியைப் பதிவின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். ஆசிரியர் அவர்கள் தங்கள் ஞாயிறு இணைப்பின் மதுரைப் பதிப்பில் மாதம் ஒரு பக்கம் ஒதுக்கி, ஒரு பாட்டு, ஒரு பழைய கதை, ஒரு சமையல் குறிப்பு என்று தமிழ்ப் பொருளோடு வெளியிட்டால் பேருதவி. எழுதித்தரவும் சரிபார்க்கவும் எங்கள் தெருவிலேயே ஆட்கள் இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காமராசர் சாலை, மதுரை.